மன்ரோவும் டெஜானும் பக்கத்துப் பக்கத்தில்

போன மாதம் ஒரு தம்பி தான் வண்ணம் தீட்டிய ஈயச் சிப்பாய்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். 1746இல் ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் அரசுப் படையும் கிளர்ச்சிப் படையும் மோதிய கலோடன் போர், அதில் அரசுப் பக்கம் நின்ற உல்ஃப் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவு. சிவப்புக் கோட்டுக்கு மஞ்சள் கைமடிப்பு. வேலை அவ்வளவு சுத்தம், பொத்தானுக்குக்கூட ஒளி வைத்திருந்தார். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன்.

பழைய ஐரோப்பியப் படைகளின் உடைகளையும் கொடிகளையும் தேடத் தொடங்குபவர்கள் செய்யும் சின்னத் தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை. 1801க்கு முந்தைய யூனியன் கொடியில் அயர்லாந்தின் சிவப்புப் பெருக்கல் குறி கிடையாது என்பதெல்லாம் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளப் பல வருடம் பிடிப்பவை வேறு.

ரெஜிமென்டின் பெயர், ஒரு மனிதரின் பெயர்

பிரிட்டனில் 1751 ஜூலை 1 அரசாணை வரும்வரை ரெஜிமென்டுகளைப் பெரும்பாலும் அதன் தலைவரான கர்னலின் பெயரால்தான் அழைத்தார்கள். கர்னல் செத்தாலோ மாறினாலோ பெயரும் மாறிவிடும். ஆள், கோட்டு, கொடிக்கம்பம் எல்லாம் அதேதான். இந்த ஒரு வரியை யாராவது ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

கலோடனில் அரசுப் படையின் இடது கோடியில் பேரல் ரெஜிமென்ட், அதற்கு வலப்பக்கம் மன்ரோ ரெஜிமென்ட். எதிரணியில் இருந்த ஹைலாண்டர்களின், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்களின், பாய்ச்சல் இந்த இரண்டின் மேல்தான் மோசமாக விழுந்தது. நான் வைத்திருந்த இன்னொரு பட்டியலில் டெஜான் ரெஜிமென்ட் என்று இருந்தது. சரி, அதுவும் ஒன்று போல என்று 24 பொம்மை கூடுதலாக வரவழைத்தேன். மன்ரோவுக்கு மஞ்சள் மடிப்பு, டெஜானுக்கும் மஞ்சள் மடிப்பு. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நானோ, இரண்டும் குழம்பிவிடக் கூடாதே என்று ஒன்றுக்கு எலுமிச்சை மஞ்சளும் மற்றதற்கு மாம்பழ மஞ்சளும் அடித்தேன்! கொடிகளிலும் அதே இரண்டு மஞ்சள்.

மேசையில் அடுக்கும்போதுதான் வம்பு வந்தது. ஒரு வரைபடத்தில் பேரலுக்கு அடுத்து மன்ரோ. இன்னொன்றில் அதே இடத்தில் டெஜான். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். ராத்திரி பதினோரு மணிக்கு கர்னல்களின் நியமன தேதிகளை எடுத்துப் பார்த்தேன். 1745 மே மாதம் ஃபாண்டனாய் போரில் ஹென்றி பான்சன்பி கொல்லப்பட, ரெஜிமென்ட் சர் ராபர்ட் மன்ரோவுக்குப் போனது. 1746 ஜனவரி 17 அன்று ஃபால்கிர்க் போரில் மன்ரோவும் செத்தார். ஏப்ரலில், கலோடனுக்குச் சில நாள் முன்பு, லூயி டெஜான் வந்தார். ஒரு வருடம்கூட முடியவில்லை, ஒரே ரெஜிமென்டுக்கு மூன்று பெயர். பின்னாளில் அதுதான் 37ஆம் ரெஜிமென்ட்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே பெயரில் இரண்டு ரெஜிமென்ட். 1740களில் இரண்டு கர்னல்கள் ஹோவர்ட். எந்த ஹோவர்ட் என்று தெரிய, மடிப்பின் நிறத்தைச் சேர்த்துச் சொன்னார்கள்: ஒன்று பச்சை ஹோவர்ட், மற்றது பதனிட்ட தோலின் வெளிர்மஞ்சள் கொண்ட பஃப் ஹோவர்ட். அந்தத் தம்பி மாட்டிக்கொண்டதும் இங்கேதான். கலோடனில் இருந்த உல்ஃப் ரெஜிமென்டின் கர்னல் எட்வர்ட் உல்ஃப், அப்பா. அது 8ஆம் ரெஜிமென்ட், நீல மடிப்பு. தம்பி நினைத்துக்கொண்டது கியூபெக் போரில் புகழ்பெற்ற மகன் ஜேம்ஸை. அவருக்கு 67ஆம் ரெஜிமென்ட் கிடைத்தது 1758இல். கலோடனின்போது அப்படியொரு ரெஜிமென்டே கிடையாது.

எண்ணை வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அப்போதைய 59ஆம் ரெஜிமென்ட் 1748இல் 48 ஆனது. ஆஸ்திரியப் படையிலும் இதே கதைதான், உரிமையாளரின் பெயரே ரெஜிமென்டின் பெயர். எண் கொடுத்தது 1769இல். ஆகவே தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கர்னல், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்று மூன்று பத்தி போடுங்கள். எனக்கு இன்னும் எரிச்சல் தருவது, அந்தத் தாளுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது என்பதுதான்.

தேதி

பொல்டாவா போர் 1709 ஜூன் 27, ஜூன் 28, ஜூலை 8. மூன்றும் சரி: ரஷ்ய நாட்காட்டி, ஸ்வீடன் நாட்காட்டி, இன்றைய நாட்காட்டி.

நிறப் பெயரை நம்பிக் கோட்டுக்கு வண்ணம் அடிப்பது

1640களில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் லண்டன் நகரக் காவல்படைக்கு சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு ரெஜிமென்டுகள் இருந்தன. அவை கொடியின் நிறங்கள். ஆரஞ்சுக் கோட்டு போட்டு ஒரு கூட்டமே நின்றதாகப் படம் வரைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடியும் ரெஜிமென்டுக்கு ஒன்றல்ல, அதன் உட்பிரிவான கம்பெனிக்கு ஒன்று. கர்னலின் கொடி வெறுமையாக இருக்கும். கேப்டன்களின் கொடியில் சின்னங்களின் எண்ணிக்கையை வைத்து முதலாமவர், இரண்டாமவர் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்வது

அந்தக் காலத்தில் பச்சை வேண்டுமென்றால் துணியை நீலத்திலும் மஞ்சளிலும் மாற்றி மாற்றி முக்குவார்கள். செடியிலிருந்து எடுத்த மஞ்சள் வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும், நீலம் தங்கிவிடும். அதனால் இன்று நீலமாகத் தெரியும் பழைய பட்டுக்கொடி ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கலாம். முடிந்தால் ஓரத் தையலின் உள்மடிப்பைப் பாருங்கள். வெயில் படாத அந்த விரற்கடை அகலத்தில் பழைய நிறம் ஒளிந்திருக்கும்.

ஒரு படத்தை வைத்து முழுப் படையையும் உடுத்துவது

1742இல் பிரிட்டிஷ் அரசு தயாரித்த உடைப் புத்தகம் அருமையானது. ஆனால் அதில் ரெஜிமென்டுக்கு ஒரு சாதாரணச் சிப்பாய்தான். கொடி இல்லை, முரசுக்காரன் இல்லை. முரசுக்காரனின் கோட்டு பெரும்பாலும் தலைகீழ்: சிவப்பின்மேல் மஞ்சள் மடிப்பு சிப்பாய்க்கு என்றால், மஞ்சளின்மேல் சிவப்பு மடிப்பு இவனுக்கு. அரச ரெஜிமென்டுகள் மட்டும் விலக்கு.

1751 அரசாணைக்குப் பிந்தைய கொடியை 1746க்கு ஒட்டுவது

கூடாது.

தம்பிக்கு அந்த மூன்று பத்தித் தாளை அனுப்பிவிட்டேன், மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாராம். என் டெஜான் ஆட்கள் 24 பேரை நான் சுரண்டவில்லை. பீடத்தில் பெயரை மட்டும் கிழித்து "பான்சன்பி" என்று ஒட்டி, 1743 டெட்டிங்கன் போருக்கு அனுப்பிவிட்டேன். அங்கே மாம்பழ மஞ்சளை யாரும் கேட்கவில்லை.