பிள்ளை போனை மறைக்கத் தொடங்கும்போது

ஆன்லைனில் பிள்ளைகளுக்கு வலை விரிக்கிறவர் முதல் நாளே அந்தரங்கப் படம் கேட்பதில்லை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன் விளையாட்டில் செலவழிக்க டைமண்ட் வாங்கித் தருவார். மார்க் குறைந்து வீட்டில் திட்டு விழுந்த அன்று பிள்ளைக்குப் பரிந்து பேசுவார். நம்பிக்கை பிடிபட்டதும் "இங்க வேணாம், டெலிகிராமுக்கு வா" என்பார், அடுத்து, "நாம பேசுறது வீட்டுக்குத் தெரிய வேணாம்." இடம் மாறச் சொல்வது, ரகசியம் காக்கச் சொல்வது. இவை இரண்டும் சேர்ந்து வந்தால் அந்தத் தொடர்பை அங்கேயே நிறுத்த வேண்டும். படம் கைமாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பையன்களிடம் இது வேறு வேகத்தில் நடக்கும். பெண் பெயரில் வரும் போலிக் கணக்கு, அன்று மாலையே அந்தரங்கப் படம் கேட்கும். கிடைத்ததும் பையனின் ஃபாலோயர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "பணம் போடு, இல்லேன்னா இவங்க எல்லாருக்கும் போகும்" என்று மிரட்டும். 'பையன்தானே, அவனுக்கு என்ன' என்று நினைக்கும் வீடுகளில்தான் அவன் தனியாக மாட்டிக்கொள்கிறான்.

பிள்ளைகள் வாயைத் திறக்காததற்கு முக்கியக் காரணம், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். அதனால் எதுவும் நடக்கும் முன்பே, எட்டாம் வகுப்பு அளவிலேயே, வாக்குக் கொடுத்துவிடுங்கள்: "எது நடந்தாலும் சொல்லு. திட்ட மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம்." கொடுத்த வாக்கை மீறினால் இரண்டாம் முறை பிள்ளை உங்களிடம் வராது. அப்பா அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் யாரிடம் போகலாம் என்பதையும், சித்தியோ மாமாவோ, பெயர் சொல்லியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிறகு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து போனைச் சரிசெய்யுங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கு பிரைவேட்டாக இருக்கட்டும். அறியாதவர்களுக்கு ஃபாலோயர் பட்டியல் தெரியாது. ஆனால் ரிக்வெஸ்ட்டை ஏற்றுக்கொண்டால் அவருக்கும் பட்டியல் தெரியும். அதனால் நேரில் தெரியாத பழைய ஃபாலோயர்களையும் நீக்குங்கள். விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில், ஒரே சர்வரில் (குழுவில்) இருப்பவர்கள் நேரடியாகச் செய்தி அனுப்புவதை அணைத்துவிடுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டதா? முதலில் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: "சொன்னது நல்லதாப் போச்சு. தப்பு பண்ணினது அந்த ஆளு." 'ஏன் அனுப்பினே' என்ற கேள்வியை அன்று கேட்கவே வேண்டாம். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அவமானத்தில் உயிரை விடத் தோன்றுவது இந்த நேரத்தில்தான்.

பணம் போடாதீர்கள். போட்டால், இந்த வீட்டில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும்.

பிளாக் செய்யும் முன் சாட்சியம் எடுங்கள். பலர் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் காவல் நிலையம் போகிறார்கள். பயனர் பெயரை எந்த நேரமும் மாற்றிவிடலாம் என்பதால் அதையும் புரொஃபைல் லிங்க்கையும் உடனே எடுங்கள். மிரட்டல் செய்தி, தேதி, நேரம், போன் எண், யுபிஐ ஐடி எல்லாம் வேண்டும். டெலிகிராமில் எதிராளி இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும், ஆகவே தாமதிக்காதீர்கள். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அவருக்கு அறிவிப்பு போகும். இன்னொரு போனால் திரையைப் படம் எடுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் சொந்தக்காரர், ஆசிரியர் என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளை பெயரில் நீங்களே பேசி ஆளைப் பிடிக்கவும் முயலாதீர்கள். சந்தேகம் வந்தால் அவர் கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவார். இதெல்லாம் முடிந்தபின் ரிப்போர்ட், அதன்பின் பிளாக்.

படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது; அந்தப் படத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஓர் எண் அடையாளம் மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களுக்குப் போகும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் ஓடும் படத்தை இதனால் பிடிக்க முடியாது.

புகாருக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம், அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும். பள்ளிக்குள் பேசி முடித்துக்கொள்ள முடியாது. காவல் நிலையத்துக்குப் பிள்ளையை இழுத்துப் போக வேண்டுமே என்று தயங்குபவர்கள் 24ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள்: வாக்குமூலத்தை வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ வாங்கலாம், வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிட 23ஆம் பிரிவு தடை போடுகிறது.

மிரட்டல் நின்றபின்னும் சில வாரங்கள் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.