பழைய கப்பல் தேதிகள் இடிக்கின்றனவா? 10 நாள் கூட்டிப் பாருங்கள்

17ஆம் நூற்றாண்டுக் கடல் வணிகத்தைப் படிக்கும்போது, ஒரே நிகழ்ச்சிக்கு ஆங்கிலேயர் ஒரு தேதியும் டச்சுக்காரர் வேறொரு தேதியும் தந்தால், ஆங்கிலேயர் தேதியுடன் 10 நாளைக் கூட்டுங்கள். பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும்.

போர்ச்சுகல் 1582இல், இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது; ஹாலந்தும் அடுத்த சில மாதங்களில் மாறியது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. போதாக்குறைக்கு அங்கே மார்ச் 25 அன்றுதான் புத்தாண்டு! அதனால், அம்போய்னாவில் (இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவு) டச்சுக்காரர்கள் ஆங்கிலேய வணிகர்களின் தலையை வெட்டிய நாள் டச்சுக் கணக்கில் 1623 மார்ச் 9; ஆங்கிலேயர் கணக்கில் 1622 பிப்ரவரி 27. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான ஆங்கிலேயர் தேதி என்றால் ஆண்டிலும் ஒன்றைக் கூட்ட வேண்டும். 1622/23 என்று இரண்டும் போட்டிருந்தால் பின்னதை எடுத்துக்கொள்ளலாம்.

1700 மார்ச் முதல் வித்தியாசம் 11 நாள். தரங்கம்பாடி டேனியரும் 1700 வரை பழைய நாட்காட்டிக்காரர்கள்தான்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த 1498 மே 20 போன்ற, 1582க்கு முந்தைய தேதிகளுக்கு இது வேண்டாம். அப்போது ஐரோப்பியர் எல்லாருக்கும் ஒரே நாட்காட்டி. இக்காலப் பதிப்பாசிரியர்கள் சிலர் தேதியைத் தாங்களே திருத்தியிருப்பார்கள், ஆண்டை மட்டும் திருத்துகிறவர்களும் உண்டு. முன்னுரையைப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.