காட்டு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் நம் பிள்ளைகள் சிலர் வனவியல் படித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். தொப்பி, பூட்ஸ், தண்ணீர் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை வெயிலே சொல்லிக்கொடுத்துவிடும்.

காடு என்றால் இயற்கைக் காடு என்று நினைப்பது

இந்த நாட்டில் வேலை பெரும்பாலும் மரத்துக்காக நட்டு வளர்க்கும் தோட்டக் காடுகளில்தான் கிடைக்கும். பைன், யூகலிப்டஸ், வாட்டில் (ஒரு வகை அகேசியா மரம்) எல்லாம் சேர்த்துச் சுமார் 12 லட்சம் ஹெக்டேர். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்திலோ, ஜார்ஜ் நகரில் உள்ள நெல்சன் மண்டேலா பல்கலைக்கழக வளாகத்திலோ சேர்வதற்கு முன் ஒரு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஜூலு மொழி தெரியாமல் வருவது

கற்றுக்கொண்டு வாருங்கள்.

புகை நின்றதும் வீட்டுக்குப் போவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். அதற்கு முன்பும் அதன் தொடக்கத்திலும் தோட்டத்தைச் சுற்றிப் புல்லை எரித்துத் தீத்தடுப்புக் கோடு போடுவோம். ஒரு தோட்டத்தில் அப்படி எரித்த அன்று சாயங்காலம், பயிற்சிக்கு வந்த பையன் போன் செய்தான்: "எல்லாம் அணைஞ்சுடுச்சு அண்ணே." ஆட்களையும் அனுப்பிவிட்டான். ஓரத்தில் கிடந்த பழைய வாட்டில் கட்டையின் வேருக்குள் நெருப்பு கனன்றுகொண்டே இருந்தது. அப்புறம் பெர்க் காற்று இறங்கியது. மலையிலிருந்து வரும் அந்தச் சூடான வறண்ட காற்றுக்கு ஒரு பொறி போதும். பக்கத்துப் பைன் முழுக்கப் போயிற்று. அறுப்பு மரமாக வளர 25 வருஷத்துக்கு மேல் ஆகும் பைன் அது.

புகை தெரியவில்லை என்பது நெருப்பு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கட்டையைத் தோண்டுங்கள், மண்ணைப் புரட்டுங்கள், தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். பிறகு புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். வெள்ளைச் சாம்பல் படிந்த குழி இருந்தால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். இருட்டிய பின் ஒருமுறை நடந்தால், பகலில் தெரியாத கங்கு கண்ணில் படும். வானிலையை எரிக்கும் நாளுக்கு மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த சில நாட்களுக்கும் பாருங்கள். குளிர் அலை வருகிறது என்று முன்னறிவிப்பு சொன்னால், பெரும்பாலும் அதற்கு முன்னால் பெர்க் காற்று வரும்.

சட்டமும் விடாது. 1998-ஆம் ஆண்டுத் தீச் சட்டப்படி, எரிப்பதற்கு முன் அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கும் தீப் பாதுகாப்புச் சங்கத்துக்கும் சொல்ல வேண்டும். சங்கத்தில் சேராதவர் நிலத்திலிருந்து தீ பரவி வழக்கு வந்தால், அலட்சியம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

உரிமம் இல்லாமல் இயற்கைக் காட்டு மரத்தில் கை வைப்பது

குற்றம்.

மரத்தின் விட்டத்தைத் தோராயமாக அளப்பது

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். சரிவு என்றால் மேட்டுப் பக்கம் நின்று. 20 சென்டிமீட்டர் மரத்தை 21 என்று எழுதினால் குறுக்குப் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். எல்லா மரத்திலும் அப்படியே எழுதினால், இல்லாத மரத்தை நம்பி லாரி வரும்.