டபுள் கிளிக் வேண்டாமா? ஃபோல்டரை ஒரே கிளிக்கில் திறக்கலாம்

பிரவுசரில் எதைத் திறக்கவும் ஒரு கிளிக் போதும். ஃபோல்டருக்கு மட்டும் ஏன் இரண்டு? புதிதாக கம்ப்யூட்டர் பழகுபவர்கள், குறிப்பாக வயதானவர்கள், திணறுவது இங்கேதான். விண்டோஸ் வழக்கமாகத் தரும் அவகாசம் 500 மில்லிவிநாடி, அதாவது அரை விநாடி. அதைத் தாண்டி இரண்டாவது கிளிக் பெயரின் மேல் விழுந்தால், ஃபோல்டர் திறக்காமல் பெயர் மாற்றும் பெட்டி வந்து நிற்கும். நடுவில் கை நகர்ந்துவிட்டால் ஃபோல்டரே இழுபட்டுப் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். "என் ஃபோட்டோ எல்லாம் காணோம்" என்று வரும் ஃபோன்களுக்குப் பல நேரம் இதுதான் காரணம். உடனே கவனித்தால் கன்ட்ரோல் + இசட் போதும், திரும்பி வந்துவிடும்.

சரி, மாற்றுவோம். விண்டோஸ் 11-இல்:

1. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஆப்ஷன்ஸ்' போங்கள். விண்டோஸ் 10 என்றால் 'வியூ' டேபின் வலது ஓரத்தில் இருக்கும்.
2. 'ஜெனரல்' டேபின் நடுவில் கிளிக் பற்றிய இரண்டு தேர்வுகள் இருக்கும். மேலே உள்ள 'சிங்கிள் கிளிக்'கைத் தேர்ந்தெடுங்கள்.
3. அதன் கீழே அடிக்கோடு பற்றி இரண்டு தேர்வுகள். மவுஸை மேலே வைக்கும்போது மட்டும் அடிக்கோடு வருவதை எடுங்கள். மற்றது எல்லாப் பெயருக்கும் கோடு போட்டுத் திரையையே அசிங்கமாக்கிவிடும்.

ஓகே கொடுத்தால் முடிந்தது. டெஸ்க்டாப் ஐகான்களும் இனி ஒரே கிளிக்கில் திறக்கும்.

இனிமேல்தான் தலைவலி. திறக்காமல் ஒரு ஃபைலை செலக்ட் மட்டும் செய்வது எப்படி? கிளிக் செய்யக் கூடாது. மவுஸ் அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய்ச் சும்மா ஒரு கணம் நிறுத்துங்கள், தானாகவே செலக்ட் ஆகும். பல ஃபைல்கள் வேண்டுமானால் கன்ட்ரோலை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொன்றின் மேலும் நிறுத்திக்கொண்டே போக வேண்டும். வரிசையாக இருப்பவற்றுக்கு முதல் ஃபைலின் மேல் நிறுத்திவிட்டு, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கடைசி ஃபைலின் மேல் நிறுத்தினால் போதும்.

அப்புறம் காப்பி செய்ய மவுஸை மேலே மெனுவுக்குக் கொண்டுபோகாதீர்கள். வழியில் வேறொரு ஃபைலின் மேல் தயங்கினால் செலக்‌ஷன் மாறிவிடும். இருந்த இடத்திலேயே கன்ட்ரோல் + சி அழுத்துங்கள், இல்லையென்றால் ரைட் கிளிக். பெயர் மாற்ற எஃப்2. டிலீட் கீயை அழுத்தும் முன் மவுஸ் எதன் மேல் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் கிடைக்கும் கேடிஇ (KDE) என்ற டெஸ்க்டாப்தான். அதன் ஃபைல் எக்ஸ்ப்ளோரரான டால்ஃபினில் ஃபைல் மேல் மவுஸை வைத்தால் ஓரத்தில் சின்னதாக ஒரு '+' வரும்; அதைத் தொட்டால் செலக்ட், மற்ற இடத்தைத் தொட்டால் திறக்கும். குழப்பமே இல்லை. ஆனால் பல வருடம் சிங்கிள் கிளிக்கையே வழக்கமாக வைத்திருந்த கேடிஇ, 2024 பிப்ரவரியில் வந்த தன் பிளாஸ்மா 6 பதிப்பில் டபுள் கிளிக்குக்கு மாறிவிட்டது. பழையபடி வேண்டுமானால் சிஸ்டம் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் 'ஃபைல்ஸ்' புரோகிராமிலும் ப்ரிஃபரன்ஸஸில் இந்தத் தேர்வு உண்டு.

பின்சேர்க்கை: மேக்கில் முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மேக்கின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரான ஃபைண்டரில் அப்படி ஒரு செட்டிங் இல்லை. 'காலம்' (Column) வியூவுக்கு மாறினால் ஃபோல்டருக்குள் போக ஒரு கிளிக் போதும், ஃபைலைத் திறக்க இரண்டு வேண்டும்.

இன்னொன்று: மாற்றிய பிறகு ஒரே ஃபோல்டரைத் தொட்டால் வேறு ஏதோ திறக்கிறது என்றார் ஒருவர். பழக்கதோஷத்தில் இரண்டு முறை தட்டினால், இரண்டாவது கிளிக் உள்ளே அதே இடத்தில் இருக்கும் ஃபைலின் மேல் விழும். விரல் பழக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் சிங்கிள் கிளிக்கே வேண்டாம். கன்ட்ரோல் பேனலில் 'மவுஸ்' போய், டபுள் கிளிக் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர் படம் இருக்கும், அதைத் தட்டிப் பார்த்து, திறந்தால் ஓகே கொடுங்கள்.