அடங்காத யுவைடிஸுக்கு பயோலாஜிக் ஊசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீராய்டுக்கும், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கும் அடங்காத யுவைடிஸுக்கு (கண்ணின் உள் அழற்சி) அடாலிமுமாப் என்ற பயோலாஜிக் ஊசி நல்ல மருந்து. ஆனால் அவசரமாகத் தொடங்குவதும் ஒழுங்கில்லாமல் போடுவதும் அதன் பலனைக் கெடுத்துவிடும்.

முதல் தவறு, பரிசோதனை முடியும் முன்பே ஊசியைத் தொடங்குவது. இந்த மருந்து அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதத்தைத் தடுக்கிறது. உடலில் பதுங்கியிருக்கும் காசநோய்க் கிருமியை வேலி போட்டு அடைத்து வைக்க உதவுவதும் இதே புரதம்தான். வேலி தளர்ந்தால் கிருமி கிளம்பிவிடும். அதனால் மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான மாண்டூ தோல் பரிசோதனை அல்லது ஐ.ஜி.ஆர்.ஏ ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி பரிசோதனை மூன்றும் கட்டாயம். காசநோயும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயும் தாமே யுவைடிஸை உண்டாக்கும் என்பதை மறக்கக் கூடாது. கை கால் மரத்துப்போன அனுபவம் இருந்தால் முன்பே சொல்லுங்கள்: நரம்புறை சிதையும் நோயை இந்த மருந்து மோசமாக்கலாம்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: முதல் நாள் 80 மி.கி., ஒரு வாரம் கழித்து 40, பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறை 40. விட்டுவிட்டுப் போட்டால் உடல் மருந்தையே எதிரியாக நினைத்து எதிர்ப்புரதம் உண்டாக்கும். அதைக் குறைக்கத்தான் கூடவே மெத்தோட்ரெக்ஸேட் தருகிறார்கள். "ஊசிதான் போடுகிறோமே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனால், உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் அது வீண்தான். போடும் முன் 15 முதல் 30 நிமிடம் வெளியே வையுங்கள். வெந்நீரில் சூடாக்க வேண்டாம். ஊசிப் பேனாவை அழுத்தியதும் கேட்கும் முதல் 'க்ளிக்' தொடக்கம் மட்டுமே. அப்போதே எடுத்தால் மருந்து தோலில் வழியும். பேனாவில் உள்ள சிறு ஜன்னல் முழுக்க நிறம் மாறும்வரை, சுமார் 10 விநாடி, அசையாமல் பிடியுங்கள்.

காய்ச்சலோ சீழ்க்கட்டியோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளும் கூடாது.

கண் தெளிந்ததும் நிறுத்துவது பெரிய தவறு. கண்ணின் பின்பக்க அழற்சியில் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. விழித்திரையில் நீர் கோப்பது, அதன் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். ஊசி பலிக்கவில்லை என்று தோன்றினால், மருந்தை மாற்றும் முன் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னதாக ரத்தம் எடுத்து மருந்தின் அளவையும் எதிர்ப்புரதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.