புது கெர்னல் வந்துச்சான்னு ஸ்கிரிப்டே பாத்துச் சொல்லட்டும்

கொழிஞ்சாம்பாறைல இருந்துட்டே நாலஞ்சு இடத்து லினக்ஸ் சர்வர நான்தான் பாத்துக்கறேன். வேலந்தாவளத்துல ஒரு ரைஸ் மில்லு, சித்தூர் பக்கம் ஒரு பால் சொசைட்டி, செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூர் ரோட்டுல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் குடோன், இப்படி. தினமும் வண்டிய எடுத்துட்டு எல்லா இடத்துக்கும் போயி பாக்க முடியாது, அதனால புது கெர்னல் (லினக்ஸோட மையமான பகுதி) வந்தா செல்லுக்கு மெசேஜ் வர்ற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு வெச்சிருக்கேன். அதை எப்படி போடறது, எங்கெல்லாம் தப்பு வரும்னு எழுதறேன்.

இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, டர்ட்டி பைப் ஞாபகம் இருக்கா? சாதா யூசர் ஒருத்தர் ரூட், அதாவது மெஷின்ல எல்லா அதிகாரமும் இருக்கறவரா, ஆகிடலாங்கற கெர்னல் ஓட்டை அது. அதுக்கான ஃபிக்ஸ் 2022 பிப்ரவரி 23 அன்னைக்கே 5.16.11, 5.15.25, 5.10.102 மூணுலயும் வந்திருச்சு, ஆனா ஓட்டை என்னன்னு வெளிய சொன்னது மார்ச் 7 அன்னைக்கு. நியூஸ்ல வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தவங்களுக்கு ரெண்டு வாரம் போச்சு. யூடியூப்ல யாராச்சும் சொல்லுவாங்கன்னு காத்திருக்கற விஷயம் இல்ல இது.

மொதல்ல எங்க பாக்கணும். கெர்னல் வெளியாகற கெர்னல் டாட் ஆர்க் சைட்டோட மொதல் பக்கத்த கிழிச்சு கிரெப்ங்கற தேடற கமாண்ட் போட்டு நம்பர எடுக்கற பழைய ஸ்கிரிப்ட் நெறைய சுத்துது, அத தொடாதீங்க, பக்கத்தோட டிசைன் மாறுனா அன்னைக்கே செத்துரும். அதே சைட்ல ரிலீசஸ் டாட் ஜேசான்னு ஒரு ஃபைல் இருக்கு, ஸ்கிரிப்ட் படிக்கறதுக்குன்னே போட்டது. அதுல லேட்டஸ்ட் ஸ்டேபிள்னு ஒரு நம்பர், அப்புறம் ரிலீசஸ்ங்கற லிஸ்ட்ல ஒவ்வொரு வெர்ஷனும் மெயின்லைனா (இன்னும் உருவாகிட்டு இருக்கறது), ஸ்டேபிளா (முடிச்சு விட்டது), லாங்டெர்மா (பல வருஷம் ஃபிக்ஸ் வர்றது), எந்த தேதில வந்துச்சு, சப்போர்ட் முடிஞ்சிருச்சா எல்லாம் தனித்தனியா இருக்கும். கர்ல்ங்கற கமாண்ட் வெச்சு இறக்கி, ஜேசான் படிக்கற ஜேக்யூ வெச்சு படிச்சா வேலை முடிஞ்சது.

எல்லாரும் லேட்டஸ்ட் ஸ்டேபிள் நம்பரத்தான் எடுப்பாங்க. வீட்டு லேப்டாப்புக்கு சரி. சர்வர்ல 6.1 ஓடுதுன்னா அந்த கிளைல, அதாவது அந்த 6.1 வரிசைல, புதுசு என்னன்னுதான் நமக்கு வேணும். ஜேக்யூல வெர்ஷன் இந்த எழுத்துல ஆரம்பிக்குதான்னு கேக்கலாம், அப்ப 6.1ன்னு மட்டும் குடுத்தா 6.12ம் சேந்து மாட்டிக்கும், அதனால ஒண்ணுக்குப் பின்னாடி ஒரு புள்ளி வெச்சு "6.1." அப்படின்னு குடுங்க. அந்த ஒரு புள்ளிக்காக நான் ஒரு சாயங்காலமே உக்காந்திருக்கேன். அதே மாதிரி எது பெருசுன்னு பாக்கறதுக்கு சாதா சார்ட் உதவாது. எழுத்தா பாத்தா 6.9தான் 6.10ஐ விட பெருசு, நெசத்துல 6.9 வந்தது 2024 மே, 6.10 வந்தது ஜூலை. சார்ட் கமாண்டுக்கு ஹைபன் பெரிய வி குடுத்தா வெர்ஷன் கணக்குல சரியா அடுக்கும்.

மெயின்லைன் வரிய விட்டுருங்க. லைனஸ் டோர்வால்ட்ஸ் வழக்கமா ஞாயித்துக்கிழமைல ஆர்சி (சோதனை வெர்ஷன்) ஒண்ணு ஒண்ணா விடுவாரு, ஒம்பது பத்து வாரத்துக்கு ஒரு முழு ரிலீஸ் வரும், அதுக்கெல்லாம் மெசேஜ் வந்தா ரெண்டாவது மாசம் நீங்களே மியூட் பண்ணிடுவீங்க.

இப்ப முக்கியமான எடம். டெபியன்ங்கற லினக்ஸ் வகைல, எந்த கெர்னல் ஓடுதுன்னு பாக்க யூநேம் ஹைபன் ஆர் அடிச்சா 6.1.0-18னு ஏதோ வரும். இத கெர்னல் ஆர்க் நம்பரோட ஒப்பிடாதீங்க, அது டெபியன் வெக்கற பேரு, நெச நம்பர் யூநேம் ஹைபன் வி அடிச்சாத்தான் தெரியும். உபுண்டுன்னா ப்ராக் ஃபோல்டர்ல வெர்ஷன் சிக்னேச்சர்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல கடைசியா வர்றதுதான் நெச நம்பர். அது தெரிஞ்சாலும் போதாதுங்க. டர்ட்டி பைப்பையே எடுத்துக்குங்க, அப்ஸ்ட்ரீம்ல, அதாவது கெர்னல் ஆர்க்ல, ஃபிக்ஸ் வந்தது 5.10.102ல, டெபியன் 11ல அதே ஃபிக்ஸ பழைய நம்பர்லயே ஒட்டி 5.10.92-2ன்னு விட்டாங்க. நம்பர மட்டும் பாக்கற ஸ்கிரிப்ட் அந்த மெஷின் இன்னும் ஓட்டையாத்தான் இருக்குன்னு பொய் சொல்லும்.

அதனால நான் ரெண்டு கேள்வியா பிரிச்சு வெச்சிருக்கேன். கெர்னல் ஆர்க்ல என் கிளைல புதுசு வந்துச்சான்னு கேக்கறது ஒரே ஒரு மெஷின், என் கடைல இருக்கறது. மத்த சர்வர் ஒவ்வொண்ணும் அதோட டிஸ்ட்ரோகிட்டதான் (டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகை) கேக்கும்: சாஃப்ட்வேர் ஏத்தற ஆப்ட் கெட் கமாண்ட்ல அப்டேட் போட்டுட்டு, ஹைபன் எஸ் வெச்சு டிஸ்ட் அப்கிரேட நடிக்கச் சொல்லி, இன்ஸ்ட்னு ஆரம்பிக்கற வரில லினக்ஸ் இமேஜ் இருக்கான்னு பாக்கும். ஆப்ட் கெட்ல வெறும் அப்கிரேட்னு போட்டா புது பேர்ல வர்ற கெர்னல எடுக்காம நிறுத்தி வெச்சிரும், அதான் டிஸ்ட் அப்கிரேட். கூடவே பூட் ஃபோல்டர்ல இருக்கற பெரிய நம்பர் கெர்னலும் இப்ப ஓடறதும் ஒண்ணான்னு பாக்கச் சொல்லுங்க. இன்ஸ்டால் பண்ணியாச்சு, ரீபூட் பண்ணலைன்னா ஓடறது பழசுதான். மில்லு மேனேஜர், "ஏங்ண்ணா, அதான் போன வாரமே அப்டேட் போட்டீங்களே"ன்னாரு. போட்டது வாஸ்தவம், சீசன்ல மெஷின நிறுத்த விடாம ஒன்றரை மாசம் பழைய கெர்னல்லயே ஓடிட்டு இருந்துச்சு.

ஸ்கிரிப்ட் கடைசியா பாத்த நம்பர ஒரு ஃபைல்ல எழுதி வெக்கணும், புதுசு வேறயா இருந்தா மட்டும் மெசேஜ், மெசேஜ் போனதுக்கு அப்புறந்தான் ஃபைல மாத்தணும். வரிசை மாத்திப் போட்டா, மெசேஜ் போகாத அன்னைக்கு அந்த நியூஸ் நிரந்தரமா காணாம போயிரும். மெசேஜுக்கு டெலிகிராம் பாட் போதும், பாட்டோட சாவியான டோக்கன ஸ்கிரிப்ட் உள்ள எழுதாம தனி ஃபைல்ல வெச்சு, வேற யூசர் படிக்க முடியாதபடி பர்மிஷன் 600 குடுத்துருங்க.

எனக்கு அடி விழுந்தது எங்கன்னா, ஜூலை மழைல இங்க லைன் போயி போயி வரும், அந்த சமயத்துல கர்ல் காலியா திரும்பி வந்திருக்கு, என் ஸ்கிரிப்ட் அத புதுசு ஒண்ணுமில்லைன்னு எடுத்துக்கிச்சு, மூணு வாரம் சத்தமே இல்ல, நானும் நிம்மதியா இருந்தேன். சத்தம் இல்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, அத ஸ்கிரிப்டுக்கு நாமதான் சொல்லிக் குடுக்கணும். கர்லுக்கு ஹைபன் எஃப் கட்டாயம், இல்லைன்னா சர்வர் குடுக்கற எரர் பக்கத்தையும் நல்ல பதிலா வாங்கி வெச்சுக்கும். மேக்ஸ் டைம் 30 செகண்டு. பைப்ஃபெயில் ஆன் பண்ணுங்க, அப்பத்தான் கோத்து விட்ட கமாண்டுல ஒண்ணு தோத்தாலும் ஸ்கிரிப்டுக்குத் தெரியும். வந்த நம்பர் நெசமாவே எண், புள்ளி, எண்ணுன்னு இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா "செக் பண்ண முடியல"ன்னு தனி மெசேஜ். நெட்டே இல்லாம அந்த மெசேஜும் போகலைன்னா அத ஒரு ஃபைல்ல எழுதி வெச்சு அடுத்த ரன்ல அனுப்பச் சொல்லுங்க. நெட் நல்லா இருந்தும் காலியா வந்தா கிளையே லிஸ்ட்ல இருந்து போயிருக்கும், 2018ல வந்த 4.19 அப்படித்தான் 2024 டிசம்பரோட முடிஞ்சது. அதுக்கு முன்னாடியே தெரியணும்னா சப்போர்ட் முடிஞ்சதான்னு சொல்ற அந்த ஃபீல்டையும் படிக்கச் சொல்லுங்க.

எப்ப ஓட்டறது? தினம் ஒரு தடவை போதும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போயி அவங்க சர்வர தட்ட வேண்டியதில்ல. குறிச்ச நேரத்துக்கு ஓட்டற கிரான்ல போட்டா அந்த நேரத்துல கரண்ட் இல்லைன்னா அன்னைக்கு செக்கே நடக்காது, எங்க ஏரியாவுக்கு அது ஆகாது. அதுக்குப் பதிலா லினக்ஸோட சிஸ்டம்டி டைமர் போட்டு, அதுல பெர்சிஸ்டென்ட்ங்கற செட்டிங்குக்கு ட்ரூ குடுத்தா மெஷின் எந்திரிச்ச உடனே விட்டத ஓட்டிரும். ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் புதுசு இல்லைன்னாலும் "ஓடிட்டுத்தான் இருக்கேன்"னு ஒரு வரி அனுப்பச் சொல்லியிருக்கேன். டீ குடிக்கும்போது அஞ்சு மெஷினுக்கும் அஞ்சு வரி வந்திருக்கான்னு எண்ணுவேன், நாலுதான் இருந்தா வண்டிய எடுக்கணும்.

எல்லாம் எழுதி முடிச்சதும், நம்பர் எழுதி வெச்ச ஃபைல்ல கையால ஒரு பழைய நம்பர போட்டு ஓட்டிப் பாருங்க, மெசேஜ் வரணும். திரும்ப ஓட்டுனா வரக்கூடாது. அப்புறம் ரூட்டர்ல இன்டர்நெட் லைன மட்டும் புடுங்கிட்டு ஒரு தடவை ஓட்டுங்க, லைன சொருகுன அப்புறம் அடுத்த ரன்ல "போன தடவை செக் பண்ண முடியல"ன்னு மெசேஜ் வந்தாத்தான் அந்த மெஷின விட்டு எந்திரிங்க.