புரோஸ்டேட் புற்றுநோய் ஹோர்மோன் சுரந்தால்: வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஸ்மோல் செல்' அல்லது 'நியூரோஎண்டோகிரைன்' என்று எழுதியிருந்தால், முதலில் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் உண்டாக்கும், இரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம்) எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைவதை விடுங்கள். அரிதாக வரும், ஆனால் வேகமாகப் பரவும் வகை இது. சிலருக்குத் தொடக்கத்திலேயே இப்படி வரும், சிலருக்கு வழக்கமான புரோஸ்டேட் புற்றுநோய் நீண்டகால ஹோர்மோன் தடுப்பு சிகிச்சைக்குப் பிறகு இப்படி மாறும். இந்தக் கலங்கள் பிஎஸ்ஏயைப் பெரிதாக உண்டாக்குவதில்லை, அதனால் நோய் ஈரல்வரை போன பிறகும் அந்த எண் குறைவாகவே இருக்கலாம்.

அதற்குப் பதிலாகச் சில கட்டிகள் வேறு ஹோர்மோன்களைச் சுரக்கும். முக்கியமானவை இரண்டு. ஒன்று ஏசிடிஎச், வழக்கமாகத் தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது. அதைக் கட்டியே கட்டுப்பாடில்லாமல் அனுப்பினால் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். விளைவு: சீனி ஏறும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கதிரையிலிருந்து எழும்ப முடியாதபடி தொடைகள் தளரும், கால் வீங்கும், தோல் கறுக்கலாம். முகம் உருண்டு வயிறு பெருக்கும் என்று படித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வேகமான புற்றுநோயில் அதற்கெல்லாம் நேரம் இருக்காது, ஆள் மெலிந்துகொண்டேகூடப் போகலாம்.

மற்றது ஏடிஎச். இது கூடினால் உடல் தண்ணீரைப் பிடித்துவைக்கும், இரத்தத்தில் சோடியம் 135க்குக் கீழே போகும். குமட்டல், தலையிடி, பிறகு தடுமாற்றமான பேச்சு, மிகவும் குறைந்தால் வலிப்பு. திருகோணமலை வெயிலுக்கு 'களைச்சுப்போனார், குடிக்கக் குடுங்கோ' என்று வருகிறவர்களெல்லாம் தண்ணீரும் இளநீரும் ஊட்டுவார்கள், பாசம்தான், ஆனால் சோடியம் குறைந்தவருக்கு அது நிலைமையை மோசமாக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று டொக்டரிடம் கேட்டு, அந்த அளவைக் காலையிலேயே ஒரு போத்தலில் ஊற்றி வையுங்கள். ஆனால் நீங்களாகவே தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம், உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம், ஏனென்றால் சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்குக் கேடு. சரி, இருமலுக்கு அதிமதுரக் கசாயம்? இப்போதைக்கு நிறுத்துங்கள். அதுவும் பொட்டாசியத்தைக் குறைத்துப் பிரஷரை ஏற்றக்கூடியது.

ஒரு கொப்பியில் பிரஷர், சீனி, நிறை, அன்று எழும்பி நடந்தாரா என்பதைத் தினமும் எழுதுங்கள். முன்பு சீனி வருத்தம் இல்லாதவருக்குத் திடீரென ஏறினால், அல்லது ஒரு வாரத்துக்குள் கால் பலம் போனால், 'கீமோ களைப்பு' என்று நாமே முடிவெடுக்காமல், திருகோணமலை ஆஸ்பத்திரி கிளினிக்கில் சோடியம், பொட்டாசியம், சீனி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

கோர்ட்டிசோல் சந்தேகம் வந்தால் 24 மணிநேரச் சிறுநீர் கேட்பார்கள். பலரும் பிழைவிடுவது இங்கேதான். காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை ஊற்றிவிட்டு நேரத்தைக் குறியுங்கள், அதன்பின் பகலும் இரவும் ஒரு துளி விடாமல் லேப் தந்த கானில் சேருங்கள், மறுநாள் காலை முதல் சிறுநீரையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும். கானைக் குளிராக வைக்க வேண்டுமா என்று லேப்பில் கேளுங்கள். பிரட்னிசோலோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்து எடுக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும், அவை சீனியையும் ஏற்றும், இந்தச் சோதனையையும் குழப்பும். சொல்லாமல் நிறுத்துவது அதைவிட ஆபத்து.

கோர்ட்டிசோலை அடக்கக் கீட்டோகொனசோல், மெட்டிரபோன் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் மூல காரணம் கட்டிதான், அதற்குப் பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினுடன் எட்டோபொசைட் கீமோ கொடுப்பார்கள். கோர்ட்டிசோல் கூடியவருக்குக் கிருமி எளிதில் தொற்றும், காய்ச்சல்கூடப் பெரிதாகக் காட்டாது, ஆகவே கீமோவுக்கு முன் கோர்ட்டிசோலைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்பதை மகரகமவிலோ மட்டக்களப்பிலோ பார்க்கும் புற்றுநோய் டொக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

பேச்சுக் குழம்பினால், வலிப்பு வந்தால், நெஞ்சு படபடத்தால், கீமோ நாட்களில் இலேசான காய்ச்சல் என்றாலும், கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் 1990க்கு அடியுங்கள். கிண்ணியாவோ நிலாவெளியோ, அம்புலன்ஸ் இலவசம். பயாப்சி ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள், அவசரப் பிரிவில் இருக்கும் டொக்டருக்கு முதலில் அதைக் காட்டி, 'ஹோர்மோன் சுரக்கிற வகை, சோடியமும் பொட்டாசியமும் பாருங்கோ' என்று சொல்லுங்கள்.